கல்லூரிச் சூழல் பற்றி ஒரு படிவம் கொடுத்தார்கள், வகுப்பே பொய் எழுதியது. உங்கள் நர்சிங் கல்லூரியில் எப்படி?

வெள்ளைச்சீருடை | பி.எஸ்சி. நர்சிங், ஏழாவது செமஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எம்.எஸ்சி. படிக்கும் சீனியர் அக்கா ஒருவர் தன் ஆய்வுக்காக எங்கள் வகுப்புக்கு ஒரு படிவம் கொண்டுவந்தார். ‘ட்ரீம்’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் உருவாக்கி 1997இல் வெளியிட்டார்களாம். மருத்துவம், நர்சிங் படிக்கிறவர்கள் தங்கள் கல்லூரியின் கற்றல் சூழலை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளப்பதற்காக இன்று பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 50 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆசிரியர்கள் மாணவர்களைக் கேலி செய்கிறார்களா, படிப்பை ரசிக்கவே முடியாத அளவுக்குச் சோர்வாக இருக்கிறாயா, மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு உதவி கிடைக்கிறதா, தங்கும் இடம் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் போகும். கேள்விகளைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. மூன்று வருடமாக யாரும் இதையெல்லாம் எங்களிடம் கேட்டதே இல்லை.

ஆனால் படிவத்தின் மேலே ரோல் நம்பர் எழுத ஒரு கட்டம் இருந்தது. எங்கள் கிளாஸ் டீச்சர் முன் மேசையில் உட்கார்ந்திருந்தார். முடித்ததும் அவரிடமே கொடுக்க வேண்டும்.

என் பக்கத்தில் இருப்பவள் முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள். கதவைத் தட்டித் தட்டி நான்தான் வெளியே கூட்டிவந்தேன். மன அழுத்தத்துக்கு உதவி கிடைக்கிறதா என்ற வரிக்கு அவள் 4 போட்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நானும் 4 போட்டேன்.

அன்று காலையில்தான் ரிசர்ச் வகுப்பில், பங்கேற்பவர்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று பாடம் எடுத்திருந்தார்கள்.

சரி, உண்மையாக எழுதியிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். லேப் நன்றாக இருக்கிறது, பழகிப் பார்க்க மானிகின் பொம்மை இருக்கிறது, லைப்ரரியில் புத்தகம் இருக்கிறது. கிளாஸும் மோசம் இல்லை. குறை வார்டில்தான். ஒன்று சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் அரசு மருத்துவமனை ஆண்கள் மெடிக்கல் வார்டில் பயிற்சிக்காக போஸ்டிங். பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி கொடுக்க வேண்டும். அந்த புரொசீஜரை நான் பரீட்சையில் வரி வரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். தலைமாட்டை உயர்த்து, டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சிரிஞ்சால் இழுத்து ஆஸ்பிரேட் செய்து பார், சிரிஞ்சை உயரப் பிடித்துத் தானாக இறங்க விடு, கடைசியில் தண்ணீர் விட்டு டியூபை அலசு. இப்போது கேட்டாலும் தூக்கத்தில் சொல்வேன். அன்றைக்கு சிரிஞ்சில் கஞ்சியை எடுத்துக்கொண்டு நேராக டியூபில் மாட்டப் போனேன். தாத்தா மல்லாந்து படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து என் கையைப் பிடித்தார். “பாப்பா, மொதல்ல தலைய ஒசத்தணும். அந்த சிஸ்டர் அப்படித்தான் செய்யும்” என்றார். இரண்டு தலையணையை மடித்து அவரே முதுகுக்குக் கொடுத்தார்.

அந்தப் பாட்டி இல்லையென்றால் கஞ்சி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இன்றும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க கல்லூரியில் இருந்து வரும் டியூட்டர் அப்போது அங்கேதான் இருந்தார். ஜன்னல் ஓர மேசையில் 20 பேருடைய ரெக்கார்டு நோட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

யாரையும் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. வார்டில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லாமல் நாங்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்று கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் உண்மையாக நிரப்பினால் என்ன எழுதுவீர்கள்?

---

கிராமத்துக்காரி | பி.எஸ்சி., மூன்றாம் செமஸ்டர்

அக்கா, பாத்ரூம் குழாய் விஷயம் எங்கள் ஹாஸ்டலிலும் உண்டு. யார் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் செமஸ்டரில் அனாடமி கிளாஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் எழுந்து வருவேன். நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் ஒரு பேஷன்டுக்கு என்ன கஷ்டம், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேர் பிளான் எழுதச் சொல்லும்போது மாட்டிக்கொள்கிறேன். என் பேஷன்ட் அம்மாவுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி முழுக்க முதுகு எரிகிறது என்கிறார், புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை, மருமகள் பகலில்தான் வருவாள். அதைத் தமிழில் கேட்டால் அரை மணி நேரம் சொல்வேன். ஆங்கிலத்தில் நர்சிங் டயக்னோசிஸாக எழுத வேண்டும் என்றதும் சீனியரின் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதிவிடுகிறேன். அதில் வேறு ஒரு பேஷன்ட், வேறு ஒரு கஷ்டம். டியூட்டர் சரி பார்த்து டிக் போடுகிறார்.

ஒரே ஒரு மேடம் மட்டும், “முதல்ல தமிழ்ல சொல்லு, அப்புறம் சேர்ந்து ஆங்கிலத்துல எழுதலாம்” என்றார். அந்த ஒரு கேர் பிளான்தான் நானே எழுதியது. அவர் போன மே மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார்.

---

வார்டு_தம்பி | பி.எஸ்சி. முடித்தவன்

எங்கள் பேட்சில் பையன்கள் ஒன்பது பேர். பிரசவம் பார்க்கக் கற்கும் மிட்வைஃபரி போஸ்டிங்கில் லேபர் ரூம் வாசலில் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தார்கள். சிலபஸில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது. எங்களுக்கும் அதே கேஸ் எண்ணிக்கை, அதே லாக் புக், அதே பிராக்டிகல் பரீட்சை. ஆனால் உள்ளே விடமாட்டார்கள். பெண்கள் பார்த்த கேஸைக் கேட்டுக் கேட்டு எழுதினோம்.

தாய்மார்களின் கூச்சம் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அதே அறைக்குள் ஆண் டாக்டரும் ஆண் ஹவுஸ் சர்ஜனும் போய் வருகிறார்கள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுப் பார்க்கக்கூட எங்களுக்காக யாரும் பேசவில்லை. கடைசி வாரத்தில் ஒரு ட்யூட்டி சிஸ்டர் கேட்டார். “என் பையன் மாதிரி, பக்கத்துல நின்னு கத்துக்கட்டுமா?” என்றார். அந்த அம்மா வலியிலும் தலையை ஆட்டினார். நான் பார்த்த முதல் பிரசவம் அது. குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். வழுக்கிவிடுமோ என்று மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு வருடத்தில் நான் கேட்டது அந்த ஒரு வார்த்தை மாதிரி இன்னும் பத்து வார்த்தை.

---

நைட்_டியூட்டி | அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ், 22 வருட சர்வீஸ்

பிள்ளைகளா, வார்டு பக்கத்தில் இருந்தும் ஒருத்தி பேசட்டும்.

ஸ்டூடண்ட்ஸ் வந்தால் நாங்கள் முகம் சுளிப்பது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி என் வார்டில் 42 பேஷன்ட், நான் ஒருத்தி. காலையில் ஹேண்ட்ஓவர் கொடுப்பதற்குள் இரண்டு கல்லூரியில் இருந்து 35 பேர் வந்து நிற்கிறார்கள். பிபி பார்க்கும் கருவி இரண்டு. ஒரே தாத்தாவுக்கு ஏழு பேர் மாறி மாறி பிபி பார்த்து, அவர் கை சிவந்து, “போதும்மா” என்று கும்பிடுகிறார். இப்படியிருக்க நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்? இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி வார்டுப் பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று பேஷன்ட் இருக்க வேண்டும். இங்கே ஒரு பேஷன்டுக்கு மூன்று மாணவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்தபோது எங்களை வேலையாளாகத்தான் வைத்திருந்தார்கள். பெட்பேன் கழுவினோம், காட்டன் உருட்டினோம், நைட் பார்த்தோம், தூங்கி விழுந்தோம். அதில் நியாயம் இல்லை. ஆனால் வார்டு எங்களுடையதாக இருந்தது. இப்போது நீங்கள் 8 மணிக்கு வந்து 12.30க்கு பஸ் ஏறும் விருந்தாளிகள். ட்ராலி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் போஸ்டிங் முடிந்துவிடுகிறது.

வெள்ளைச்சீருடை, அந்தப் பாட்டிக்குத் தலையை உயர்த்தச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான். அவருக்கு நேரம் இருந்தால் உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்.

---

வெள்ளைச்சீருடை

சிஸ்டர், கடைசி வரி சரிதான். அந்த சிஸ்டர் யார் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

---

டியூட்டர்_அக்கா | தனியார் கல்லூரி, ஆறு வருடம்

நான் அந்த ஜன்னல் ஓர மேசையில் உட்காரும் ஆள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. என்னோடு வார்டுக்கு வருவது 28 பேர், நான்கு வார்டில் பிரிந்து நிற்பார்கள். போஸ்டிங் முடியும்போது ஒவ்வொருவருக்கும் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக், ஹெல்த் டாக், லாக் புக் எல்லாம் திருத்தியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத ஒரு பக்கம் இருந்தால் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு மாணவி ஃபீடிங் கொடுக்கும்போது பக்கத்தில் நின்றேனா என்று ஆறு வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. எது கேட்கப்படுகிறதோ அதைச் செய்யப் பழகிவிட்டேன். இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

2021இல் பாடத்திட்டம் மாறி செமஸ்டர் முறை வந்தது. திறன்களை லேபில் பழகு, பிறகு வார்டில் ஆசிரியர் கண் முன்னால் செய்து காட்டு, அதன் பிறகு தேர்ச்சி என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் இன்டர்னல், பிராக்டிகல், யூனிவர்சிட்டி பரீட்சை எல்லாம் அடுக்கி வருகின்றன. ஒரு வார்டில் பிள்ளைகள் வேர் பிடிப்பதற்குள் அடுத்த ரொட்டேஷன்.

படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரீமில் மொத்தம் 200. 51இல் இருந்து 100 வரை வந்தால் நிறையச் சிக்கல் என்று பொருள், 101இல் இருந்து 150 வரை குறையைவிட நிறை அதிகம், அதற்கு மேல் மிக நன்று. 50 வாக்கியங்களில் ஒன்பது எதிர்மறையானவை, அவற்றை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட வேண்டும். பயத்தில் எல்லாவற்றுக்கும் 4 போட்டால், ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள் என்பதற்கும் 4 விழும். அந்த ஒன்பதைப் பார்த்தாலே உங்கள் சீனியருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கற்றல், ஆசிரியர், தன் திறமை மீது நம்பிக்கை, சூழல், சக மாணவர் வாழ்க்கை என்று ஐந்து பிரிவாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் போட்டால் ஹாஸ்டல் குறையை லேபின் நிறை மூடிவிடும்.

அப்புறம், இந்தப் படிவம் பெரும்பாலும் வகுப்பறையையும் கல்லூரியையும் பார்ப்பது. வார்டை அளப்பதற்கென்று பின்லாந்தில் தனியாக ஒன்று உருவாக்கினார்கள். அதில் வார்டின் சூழல், வார்டு பொறுப்பு சிஸ்டர் நடந்துகொள்ளும் விதம், நமக்கு வழிகாட்டுபவரோடு இருக்கும் உறவு, கல்லூரி ஆசிரியர் வார்டில் என்ன செய்கிறார் என்பதெல்லாம் வரும். நீங்கள் சொன்ன ரைல்ஸ் டியூப் கதைக்கு அதுதான் பொருத்தம். எம்.எஸ்சி. அக்காவிடம் சொல்லுங்கள், ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

---

லீட்ஸ்_மழை | இங்கிலாந்தில் வேலை, படித்தது தமிழ்நாட்டில்

இங்கே மாணவர்களை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர்கள் கூடுதல் ஆட்கள் என்று நர்சிங் கவுன்சிலே விதி வைத்திருக்கிறது. கற்றுக்கொடுக்க ஒருவர், மதிப்பிட வேறொருவர். கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் வார்டு நர்ஸ்தான், வெளியில் இருந்து வரும் டியூட்டர் இல்லை. இந்த வருடம் என்னோடு ஒரு மாணவி ஒட்டிக்கொண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். நான் சாப்பிடப் போனால் அவளும் சாப்பிடப் போவாள். அவள் தப்பு செய்தால் அதை உடனே பார்ப்பது நான்தான்.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆள் குறைந்த நாளில் மாணவியை ஹெல்த் கேர் அசிஸ்டென்ட் மாதிரி ஓட விடுவதும் நடக்கிறது. ஆனால் அதைத் தப்பு என்று அவளால் வெளியே சொல்ல முடிகிறது. நான் படித்தபோது எனக்கு அது முடியவில்லை.

---

வார்டு_தம்பி

சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. இன்டர்னல் மார்க் அவர்கள் கையில். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் ஆபீஸ் பீரோவில். வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, பிராக்டிகலில் 100 சதவீதம் முடிக்காமல் டிகிரி கிடைக்காது. விதி என்ற அளவில் அது சரி, நோயாளி உயிர் சம்பந்தப்பட்ட படிப்பு. ஆனால் டெங்குவில் படுத்திருந்த ஒரு பையனை, முன்னால் ஒருமுறை மெஸ் சாப்பாடு பற்றிப் பேசினான் என்பதற்காக அந்த விதியை வைத்தே ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

---

மஞ்சள்_பைல் | ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடித்து, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கிறேன்

கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியில் ஜூனியர்களைச் சித்திரவதை செய்ததற்காக ஐந்து சீனியர்கள் 2025 பிப்ரவரியில் கைதானதை யாராவது இங்கே சொல்வீர்கள் என்று பார்த்தேன். முதல் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பல வாரம் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1996இல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் நாவரசு கொலை, அடுத்த வருடமே ராகிங் தடைச் சட்டம். சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகிறது. ஆனால் சீனியரைப் பார்த்தால் சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், அவர்களுக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை நம் ஹாஸ்டல்களில் இன்னும் ‘ஒழுக்கம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கீகாரத்துக்காகக் கல்லூரியைப் பார்க்க வரும் இன்ஸ்பெக்‌ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு படித்த இடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பார்த்தே இராத ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், காலியாகக் கிடக்கும் கட்டில்களில் எல்லாம் ஆள் படுத்திருப்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகளை ஆராய உயர் நீதிமன்றம் சிபிஐயை அனுப்பியது. ஆராயப் போன சிபிஐ அதிகாரியே லஞ்சம் வாங்கினார் என்று 2024 மே மாதம் கைதானார். மேலிருந்து வந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதது அங்கே தினமும் படுத்து எழுகிற பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் படிவத்தை உண்மையாக நிரப்ப விட வேண்டும் என்கிறேன்.

---

கிராமத்துக்காரி

நல்லதையும் ஒன்று சொல்லட்டுமா? போன வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்த பேஷன்ட் இறந்துவிட்டார். முதல் சாவு. இறந்தவர் உடலைத் துடைத்துத் தயார் செய்யும் ‘லாஸ்ட் ஆஃபீஸ்’ செய்யணும் என்று வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். எனக்குக் கால் நகரவில்லை. அவர் ஸ்க்ரீனை இழுத்து மூடினார். வெதுவெதுப்பான தண்ணீர்தான் எடுத்துவரச் சொன்னார். இறந்தவருக்கு எதற்கு வெந்நீர் என்று நான் கேட்கவில்லை. முகத்தைத் துடைக்கும்போது, “ஐயா, முகம் தொடைக்கிறேன்” என்று உயிரோடு இருப்பவரிடம் சொல்வது போலவே சொன்னார். தாடையைக் கட்டும்போது கட்டுத் துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். முடிந்ததும் என்னை ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார், பத்து நிமிடம் கூடவே இருந்தார்.

நர்சிங் வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

---

நைட்_டியூட்டி

மகளே, நீ எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது. அந்த சிஸ்டரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்.

---

வெள்ளைச்சீருடை

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று எம்.எஸ்சி. அக்காவிடம் பேசினேன். எதிர்மறை வாக்கியங்களில் முரண் இருப்பதை அவரும் கவனித்திருக்கிறார். ரோல் நம்பர் கட்டத்தை எடுத்துவிட்டு, லைப்ரரியில் பூட்டிய பெட்டி வைத்து, இன்டர்னல் மார்க் ஏற்றிய பிறகு மறுபடியும் கொடுக்க கைடிடம் அனுமதி கேட்டிருக்கிறார். கைடு இன்னும் பதில் சொல்லவில்லை.

டியூட்டர் அக்கா, உங்கள் பதிவை எங்கள் டியூட்டரின் கண்ணால் ஒருமுறை படித்தேன். அவர் மீது இருந்த கோபம் பாதி குறைந்தது. ரெக்கார்டின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த நேரத்தில் வார்டில் எங்களோடு நிற்கச் சொல்லிக் கேட்கலாமா என்று கிளாஸ் ரெப்போடு பேசப் போகிறேன். குறை சொல்வதாக இல்லாமல் கோரிக்கையாக, வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டு.

---

டியூட்டர்_அக்கா

அப்படியே கேளுங்கள். ஒரு வார்டுக்கு ஒரே ஒரு கேர் பிளான் போதும், ஆனால் அது டியூட்டர் பக்கத்தில் இருந்து பார்த்த பேஷன்டாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். டியூட்டர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம்தான் நிற்போம்.

---

அப்பா_ஒருவர்

வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறாள், நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். இழை முழுவதையும் படித்துவிட்டுக் கவலையாக இருக்கிறது. கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

---

வெள்ளைச்சீருடை

ஐயா, பயப்படாதீர்கள், படிக்கட்டும். நான்கு வருடம் கழித்தும் நான் இந்தப் படிப்பை விட மாட்டேன்.

கல்லூரிக்குப் போகும் முன் அவர்களுடைய மருத்துவமனைக்குக் காலை 9 மணிக்குப் போங்கள். 100 படுக்கை என்று காகிதத்தில் இருக்கும், எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது என்று பாருங்கள். கவுன்சில், பல்கலைக்கழகம் இரண்டின் அங்கீகாரமும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஹாஸ்டலை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

அப்புறம், ஆபீஸ் ஆட்கள் யாரும் கூட இல்லாமல் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தியிடம் உங்கள் மகளைப் பேச விடுங்கள். கடைசியாக எப்போது டியூட்டர் உன் பக்கத்தில் நின்று பேஷன்டைத் தொட்டார் என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் நாளையும் வார்டையும் சொன்னால் அங்கே சேர்க்கலாம்.